இங்கிலீசுக்குப் பயன் சொன்னவன்

எனக்குப் பயம் பிடித்தால் விக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். பார்க்கிறவர்களுக்கு இரக்கமாவது வரும். விக்கலுக்கு ஆர் இரங்கப்போகிறார்கள்? முதல் வாய்மொழிப் பரீட்சையில் விக்கினேன். பரீட்சகர் என்னை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நான் திரும்பிப் போகவேயில்லை. என் கலியாணத்தில் தாலி எடுத்த கையோடு விக்கி, ஐயர் மந்திரத்தை நிற்பாட்டினது தனிக் கதை. இந்தக் கதையிலும் விக்கல் உண்டு. ஆனால் நடுவில் ஒரு மனிதர் செத்துப்போகிறார். முன்னமே சொல்லிவைக்கிறேன், பிறகு என்னைப் பேசக்கூடாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவுப் பொடியள் சிலர் மலைநாட்டுப் பக்கம் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் தகைப்பு, விகாரம், உந்தம் என்று எல்லாவற்றையும் தமிழில் விழுங்கிவிட்டு அங்கே போனால், எல்லாம் இங்கிலீசு. கணக்கு எங்களைக் கைவிடவில்லை. கணக்குக்கு வாய் தேவையில்லை. அறிக்கைதான் எங்கள் எமன். லீவில் ஒரு வேலைத்தலத்தில் பயிற்சிக்கு நின்று, அங்கே பார்த்ததையும் செய்ததையும் இங்கிலீசில் எழுதவேண்டும். வேலைத்தலத்து எஞ்சினியர் அதில் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு அது பரீட்சகரிடம் போகும். அது தேறாவிட்டால் மற்றப் பாடம் எல்லாம் தேறியும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

இதற்கு ஒரு விரிவுரையாளர் மருந்து கண்டுபிடித்தார். அறிக்கை தேறின மாணவன் தேறாதவனுக்குத் துணை நிற்கவேண்டும். விதி ஒன்றுதான்: கேட்கலாம், சொல்லலாம், மற்றவனுடைய தாளில் பேனையை வைக்கக்கூடாது. என்னையும் ஒரு துணையாகத் தெரிந்தெடுத்தார். என்னுடைய அறிக்கையே ஒருமுறை திரும்பிப்போய்த்தான் தேறியது. கிணற்றுக்குள் விழுந்து ஏறினவனுக்குத்தான் படி எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியும் என நினைத்தாரோ என்னவோ. பெயர்ப்பட்டியலைப் பார்த்த அன்று பின்னேரம் முழுக்க விக்கினேன்.

எனக்குக் கிடைத்தவன் அனலைதீவு. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை; தீவைச் சொன்னால் ஆள் திரும்புவான். அவன் அனலைதீவு, நான் வேலணை. அவனுடைய அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாம் முறையும் திரும்பினால் படிப்பு முடிந்தது. பரீட்சகர் கடைசியாகத் திருப்பும்போது ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: இந்த மாணவன் அந்த இடத்தில் நின்றான் என்பதற்கு இதில் ஒரு சான்றும் இல்லை.

நின்றவன்தான். ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு இறங்குதுறையைத் திருத்தினார்கள். கடலுக்குள் முறிந்து கிடந்த பழைய கொங்கிறீற்றுத் தூண்களைச் சங்கிலி போட்டு, வின்ச் என்கிற சுற்றுப்பொறியால் வெளியே இழுத்து எடுக்கிற வேலை. அவன் லீவு முழுக்க அங்கேதான் வெயிலில் கறுத்தான். ஆனால் அறிக்கையை வாசித்தால், சீமையில் ஆரோ ஒருவர் ஏதோ ஒரு கடலைப் பற்றி எழுதின பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. காற்றில்லை, உப்பில்லை, ஒரு மனிசர் இல்லை.

அடுத்த லீவில் வேலையைத் தொடங்கினோம். அவன் காலை மோட்டார் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வருவான். நான் வேலணையிலிருந்து சைக்கிள் உழக்கிப் போவேன். துறைக்குக் கிட்ட இருந்த வாசிகசாலையின் பின்னறையில் கால் ஆடுகிற மேசை ஒன்றும் இரண்டு கதிரையும் எங்களுக்குத் தந்திருந்தார்கள். முதல் நாள் நான் தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நித்திரை.

பிறகுதான் எனக்குப் புராணபடனம் நினைவுக்கு வந்தது. எங்கள் கோயில்களில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது இருக்கிற சனத்துக்கு விளங்குகிற தமிழில் பொருள் சொல்லுவார். எங்கள் சித்தப்பா பயன் சொல்லுவதில் பேர்போனவர். பாட்டில் ஒரு யானை வந்தால் அவருடைய பயனில் ஏழு யானை வரும். ஒன்றுக்கு மதம் பிடித்திருக்கும்.

"நீ வசனம் வசனமாய் வாசி. நான் தமிழிலை பயன் சொல்லுறன். பயன் சொல்ல ஏலாத வசனத்தை வெட்டு," என்றேன்.

"கோயிலிலை சுண்டலாவது குடுப்பினம்," என்றான் அனலைதீவு. ஆனாலும் வாசித்தான்.

"தேவையான ஒழுங்குகள் தேவையானபடி செய்யப்பட்டன," என்று பயன் சொன்னேன். "என்ன ஒழுங்கு?"

"தெரியாது."

"ஆர் செய்தது?"

"ஆருக்குத் தெரியும்? புத்தகத்திலை கிடந்தது."

"வெட்டு."

மத்தியானத்துக்கு முன் முதல் பக்கத்தில் நாலைந்து சொல்லுத்தான் தப்பியிருந்தது. அவன் தாளைத் தூக்கிப் பார்த்தான். "மச்சான், நீ அறிக்கை எழுதத் துணைக்கு வந்தனியோ, சவரம் செய்ய வந்தனியோ?"

வெட்டின இடமெல்லாம் பிறகு அவன் கண்ட காட்சிகள் வந்து குந்தின. தூணில் ஒட்டியிருந்த மட்டிச் சிப்பி கையைக் கிழித்தது. சோளகக் காற்று அடித்த நாளில் சங்கிலி தூணைப் பிடிக்கமாட்டாமல் வழுக்கியது. நான் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான்: நீ எங்கை நிண்டனீ? முதல் என்ன நடந்தது, பேந்து என்ன நடந்தது? ஆனால் சித்தப்பாவின் இரத்தம் சும்மா இருக்குமா? சங்கிலி வழுக்கினது என்று அவன் வாசித்தால், "சங்கிலி வழுக்க, எஞ்சினியற்றை தொப்பி பறக்க, அதை ஒரு நீர்க்காகம் தூக்க" என்று என் பயன் போகும்.

"உது வசனத்திலை இல்லை."

"பயன் எண்டால் அப்பிடித்தானடா."

"நான் எழுதினதை மட்டும் சொல்லு, வேலணை. கூட்டாதை."

அவன் சிரிக்காமல்தான் சொன்னான். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

கடைசிப் பக்கத்துக்கு வந்த நாள் நல்ல வெயில். அவன் வாசித்தது பழைய அறிக்கையில் இருந்து தப்பி வந்த ஒரே வசனம். நான் எழும்பி நின்று, கையைக் கூப்பி, இராகம் இழுத்துப் பயன் சொன்னேன்: "கடைசித் தூணும் பெரியவைக்கு முன்னாலை கிளம்பிச்சுது. வேலை சுபமாய் முடிஞ்சுது!"

அவன் பேனையைக் கீழே வைத்தான். "இன்னொருக்காச் சொல்லு."

பகிடி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கெட்டிமேளம் எல்லாம் சேர்த்து இன்னும் உரக்கச் சொன்னேன். "சுபமாய் முடிஞ்சுது!"

"முடியேல்லையடா," என்றான். "இங்கிலீசிலை எழுதேக்கை ஒண்டும் செய்யேல்லை. தமிழிலை கேக்க ஏலாமல் கிடக்கு."

தூணுக்குச் சங்கிலி போட ஆள் கடலுக்கு அடியில் இறங்கவேண்டும். அந்த வேலைக்குச் சங்கு குளிக்கிற, அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற, ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவர் இடுப்பில் கயிறு. மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சங்கிலியைப் போட்டுவிட்டு விலகினபிறகு அவர் கயிற்றை ஒருமுறை இழுப்பார்; அதன் பிறகுதான் வின்ச் சுற்றலாம். குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டார்கள். மனைவியின் சகோதரன்தான் பிடிக்கவேண்டும். தமக்கை தாலியறுக்க எந்தத் தம்பி விடுவான் என்பது கணக்கு. இவருக்கும் மைத்துனர்தான் பிடிப்பார்.

கடைசித் தூண் எடுக்கிற அன்று திணைக்களத்துப் பெரியவர்கள் லோஞ் என்கிற மோட்டார்ப் படகில் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் இருக்கக் கதிரை இல்லை. எஞ்சினியர் மைத்துனரைக் கதிரை எடுத்துவர அனுப்பிவிட்டுக் கயிற்றை அனலைதீவின் கையில் கொடுத்தார். அதுவும் பயிற்சிதானே. குளிக்கிறவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்: "தம்பி, இண்டைக்கு நீர்தான் என்ரை மச்சான். உம்மடை அக்காவை நினைச்சுக்கொண்டு பிடியும்."

"இறங்கினவர்," என்றான் அனலைதீவு. "அப்ப லோஞ் ஊதிச்சுது. எஞ்சினியர் கையைக் காட்டினவர், சுத்தச் சொல்லி. கயிறு இழுபடேல்லை. நான் சொன்னனான், இன்னும் இல்லை சேர் எண்டு."

"பேந்தென்ன?"

"எனக்கே கேக்காத மாதிரித்தான் சொன்னனான், வேலணை."

வின்ச் சுற்றியது. தூண் அரையும் குறையுமாகக் கிளம்பி, சங்கிலி வழுக்கி, திரும்ப விழுந்தது. கயிறு அப்போதுதான் இழுபட்டது. ஒருக்கா. பிறகு இழுபடவில்லை.

விசாரணை நடந்தது. கயிறு இழுபட்டதை எல்லோரும் கண்டிருந்தார்கள், அது பொய்யில்லை. அந்தாள் விலக முந்தியே அவசரப்பட்டு இழுத்துவிட்டார், அதனால்தான் வின்ச் சுற்றினது என்று எஞ்சினியர் சொன்னார். கயிறு பிடித்தவன் பக்கத்தில் நின்றான். அவனை ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிழை கடலுக்கு அடியில் போனவரின் தலையில் ஏறியது.

முதல் என்ன, பேந்து என்ன என்று கிளிப்பிள்ளை மாதிரிக் கேட்டுக் கேட்டு நான்தான் அவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இது மண்டையில் ஏறின உடனே விக்கல் தொடங்கியது. வாசிகசாலையின் முன்பக்கத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், "தம்பியை ஆரோ நினைக்கினம்," என்றார். ஓம் ஐயா, எமன்.

"உதை எழுதாதை," என்றேன். "எஞ்சினியர் சைன் வையார். சைன் இல்லாட்டி அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாட்டி நீ இல்லை. மட்டி கையைக் கிழிச்சது காணும். பரீட்சகருக்கு அது நல்ல சான்று."

அவன் எழுதினான். ஒரு பக்கம். நான் பேனையைத் தொடவில்லை, தொட்டிருந்தால் முறித்திருப்பேன். எழுதி முடித்து வாசித்தான். நான் விக்கி விக்கிப் பயன் சொன்னேன். ஒவ்வொரு வசனத்துக்கும் பயன் இருந்தது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருசத் தொழிலில் இதற்கு மேலான அறிக்கையை நான் பிறகு காணவில்லை, அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

எஞ்சினியரின் தகரக் கூரைக் கந்தோர், அதாவது ஒபீசு, இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. துணைக்கு நானும் வரவேண்டும் என்றான். சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு சில்லிலும் காத்து நிக்குது," என்றான். வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றேன். "அங்கை கக்கூஸ் இருக்கு," என்றான்.

எஞ்சினியர் கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். எங்களை இருக்கச் சொன்னார். ஆறுதலாக வாசித்தார். தகரம் வெயிலில் படபடவென்று வெடிக்க, அதற்கு நடுவில் என் விக்கல்.

"உமக்கென்ன, ஏதும் வருத்தமோ?"

"இல்லை, விக்... சேர்."

"நல்லாய் எழுதியிருக்கிறீர்," என்றார் அனலைதீவைப் பார்த்து. "முந்தி எழுதினதிலும் எவ்வளவோ திறம். ஆர் பார்த்துத் தந்தது?"

அவன் என்னைக் காட்டினான். என் உயிர் காற்சட்டைக்குள்ளால் இறங்கி ஓடியது. "நான் பேனையைத் தொடேல்லை சேர்!" என்றேன். கொலை வழக்கில் கத்தியைத் தொடவில்லை என்கிற தொனி.

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அதை வாசிக்கிறபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. மேசையில் இருந்த கடதாசிப் பாரத்தைப் பார்த்தேன். அது ஒரு சங்கு.

"இந்தப் பக்கம் பயிற்சியோடை சம்பந்தமில்லாதது," என்றார். சத்தம் உயரவில்லை. "இதை எடுத்துப்போட்டுத் தாரும். இப்பவே சைன் வைக்கிறன்."

மேசைக்குக் கீழே அவனை உதைத்தேன். கழற்றடா, ஒரு தாள்தானே என்று கண்ணால் கெஞ்சினேன்.

"அதிலைதான் சேர் நான் நிண்டனான்," என்றான் அனலைதீவு.

எஞ்சினியர் அறிக்கையை மூடினார். "விசாரணை முடிஞ்சுது, தம்பி. அண்டைக்கு நீரும் பக்கத்திலைதானே நிண்டனீர்? ஏன் அப்ப வாய் திறக்கேல்லை?"

அதற்கு நான்தான் விக்கினேன். எஞ்சினியர் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டு, அறிக்கையை மெல்ல எங்கள் பக்கம் தள்ளினார். நாங்கள் எழும்பினோம்.

கையெழுத்து இல்லாத அறிக்கையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் திறந்தும் பார்க்கவில்லை. அவன் நின்றான் என்பதற்கான சான்று முழுக்க அதற்குள் கிடந்தது. பரீட்சகர் அதைக் காணவேயில்லை. அடுத்த தவணைக்கு அவனுடைய கட்டில் வெறுமையாக இருந்தது. தெற்கே ஒரு பட்டினத்தில் தாய்மாமனின் கடை; அங்கே போய் நின்றான். அங்கும் நிலைக்கவில்லை, கலவரத்தில் கடை எரிந்த கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நான் எஞ்சினியராகி, என் முன்னால் வருகிற பொடியளின் அறிக்கைகளுக்குக் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதெல்லாம் பிந்தி. அன்று கந்தோரால் வெளியே வந்தவுடன் நான் வள்ளத்துறைப் பக்கம் சைக்கிளைத் திருப்ப, அவன் கரையோர ஒழுங்கையால் நடக்கத் தொடங்கினான்.

"எங்கை போறாய்?"

"அந்தாளின்ரை வீட்டை."

"உனக்கென்ன விசரோ? அடிப்பினமடா!"

"அடிக்கட்டும்."

"உன்னை அடிக்கட்டும். நான் ஆர்? நான் வெறும் பயன் சொல்லுறவன்!" என்று புலம்பிக்கொண்டே சைக்கிளை உருட்டிப் பின்னால் போனேன். விட்டுவிட்டு ஓடியிருப்பேன். மணலில் சைக்கிள் ஓடாது.

கிடுகு வேலிக்குள் சின்ன வீடு. சுவரில் மாதா படம். இறந்தவரின் மனைவி கறுப்பு உடுத்தியிருந்தா. மைத்துனர் முற்றத்தில் கயிற்றுச் சுருள் ஒன்றுக்குப் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தார். அதே கயிறா என்று நான் கேட்கவில்லை.

அனலைதீவு வாசலில் நின்றபடி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. திரும்பத் திறந்தான். பிறகு அறிக்கையை விரித்தான். கடைசிப் பக்கத்தை இங்கிலீசில் வாசிக்கத் தொடங்கினான், ஒரு வசனம், பிறகு என்னைப் பார்த்தான்.

எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. அந்த வீட்டில் அதைத் தமிழில் சொல்ல அவனுக்கு ஏலாது. நான்தான் சொல்லவேண்டும்.

"நான் கயிறு பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்று பயன் சொன்னேன். விக்கினேன். மனைவி எழும்பி உள்ளே போனா. போய்விட்டா என்று நினைத்தேன். மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தா.

"குடியும், தம்பி. குடிச்சிட்டுச் சொல்லும்."

குடித்தேன். அவன் வாசித்தான். நான் சொன்னேன்.

"கயிறு இழுபடேல்லை. இழுபட முந்தி வின்ச் சுத்தினது. இன்னும் இல்லை எண்டு நான் சொன்னனான். மற்றவைக்குக் கேக்கத்தக்கதாய்ச் சொல்லேல்லை. தூண் கிளம்பி விழுந்தது. அதுக்குப் பேந்துதான் கயிறு இழுபட்டது."

சித்தப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு கண்ணீர், ஒரு பெருமூச்சு சேர்த்திருப்பார். எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

மைத்துனர் குந்தியிருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அப்ப அத்தான் அவசரப்படேல்லை?"

"இல்லை, அண்ணை," என்றான் அனலைதீவு.

"இந்தக் கரை முழுக்கச் சொல்லுது, அவ்வளவு காலம் குளிச்ச மனிசன் சின்னப் பொடியள் மாதிரிப் பிழை விட்டிட்டார் எண்டு." அவர் அனலைதீவைப் பார்த்தார். எழும்பி அடிக்கப்போகிறார் என்று நான் ஒரு காலைப் பின்னுக்கு வைத்தேன். அவர் எழும்பவில்லை. "நான் கொண்டுவந்த கதிரையள், தம்பி. அதிலை ஒருத்தரும் இருக்கேல்லை. லோஞ் அப்பிடியே திரும்பிப் போச்சு."

மனைவி அனலைதீவை வையவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தலையில் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தா.

"நீரோ பிடிச்சனீர்?" என்று அவனைக் கேட்டா.

"ஓம், அக்கா."

"திரும்ப ஒருக்கா வாசியும்."

அவன் முதல் வசனத்திலிருந்து வாசித்தான். நான் முதல் சொன்ன அதே சொல்லுகளை அதே ஒழுங்கில் சொன்னேன். கயிறு இழுபட்ட இடம் வந்தபோது அவ கையைக் காட்டி நிற்பாட்டினா.

"அந்த இடத்தை இன்னொருக்கா."